மச்சான் படகு மீன்

மெனு கார்டைத் திறப்பதற்கு முன்பே மீசைக்காரருக்கு வயிறு எரிந்துவிட்டது. அட்டையிலேயே மச்சான் சிரித்துக்கொண்டு நின்றான். கையில் இடுப்புயர மீன். கீழே, "எங்கள் மீன் எல்லாம் இவர் படகிலிருந்து" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இவன் மூஞ்சியைப் பார்த்தா எவனுக்காவது பசிக்குமா?"

"மெதுவா பேசுங்க," என்றாள் மனைவி. மச்சான் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. "நம்ம வீட்டுல இல்லாத மீனா? வேண்டாம்னு அப்பவே சொன்னேன்."

கல்யாண நாள் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார். கல்யாண நாள் போன மாசமே முடிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

கடற்கரைச் சாலையிலேயே பெரிய ஓட்டல் அது. ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே வருவதில்லை. எல்லாம் கேமராவும் தொப்பியுமாக வருகிற சுற்றுலாக்காரர்கள்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டல் முதலாளி மீசைக்காரரின் கூடையைக் கிளறி, நாலு மீனை ஆகாது என்று ஓரமாகத் தூக்கிப் போட்டார். மீசைக்காரர் மிச்ச மீனையும் அவர் காலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தார். உன் படகு மீன் இனி என் சமையல்கட்டுக்குள் வராது என்று முதலாளி சொல்லிவிட்டார். மறுவாரமே மச்சான் மீன் உள்ளே போக ஆரம்பித்தது.

அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது. அவன் எதிரே வந்து "மாமா" என்றால், இவர் கடலைப் பார்ப்பார்.

ஒரே கடல். ஒரே மாதிரி வலை. தன் மீனை மனைவி தலையில் சுமந்து போய்ச் சந்தையில் வெயிலோடு விற்கிறாள். அவன் மீனுக்கு ஏசி அறை, எலுமிச்சைத் துண்டு, கண்ணாடித் தட்டு. நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. போதாததற்கு, பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் மச்சான் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தது.

மீன் வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டார்.

நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சலே.

இன்னொரு விள்ளல் தின்றார். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பரிமாறியவரைக் கூப்பிட்டு, முதலாளியை வரச் சொன்னார். மனைவி மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

முதலாளி வந்ததும், மீசைக்காரர் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது முந்தாநாள் மீன். முப்பது வருஷமா கடல்ல கிடக்கிறவன் சொல்றேன்."

பக்கத்து மேசை அம்மா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கணவர் குழந்தையின் தட்டை நகர்த்திவிட்டார். முதலாளிக்கு ஏசியிலும் வியர்த்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்றோ என்னவோ, அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். முந்தாநாள் மீனையா என் தலையில் கட்டினாய் என்று கத்தினார்.

மச்சான், அப்படி இருக்காதே என்றான். யார் சொன்னது என்று கேட்டான்.

"உன் மாமாதான். எதிர்லதான் உக்காந்திருக்கார்."



"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் மச்சான். "தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க."

நாளையிலிருந்து உன் மீன் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்ற மேசைகளுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார் முதலாளி.

மீசைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ரெண்டு வருஷமாக இறங்காத ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்."

மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்ச மீனைத் தின்ன ஆரம்பித்தாள்.

"ஏய், பழசுங்கிறேன்."

"பழசு இல்ல. இன்னைக்கு விடியக்காலையில நீங்க பிடிச்சது."

அவர் முழித்தார். அவள் முதலாளி தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மீனை உள்ள விடமாட்டேன்னு முதலாளி சொன்ன மறுவாரம், தம்பிதான் இவர்கிட்ட வந்து பேசினான். அன்னைலேருந்து உங்க கூடையை நான் அவன்கிட்டதான் இறக்குறேன். அவன் தன் படகு மீனுன்னு சொல்லி இங்க குடுக்கிறான். அவன் பிடிக்கிறது கருவாட்டுக் கொட்டகைக்குப் போகுது."

முள்ளை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"நாளைக்குக் கூடையை எங்க இறக்கட்டும், சொல்லுங்க."