பல்லி சொன்ன வீடு

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால் ஒரு மைனா ஜோடி வீடு தேடி அலைந்தது. கடைசியில் இரண்டு பொந்துகள் அகப்பட்டன. ஒன்று, வாகை மரத்தில் மரங்கொத்தி புதிதாகக் குடைந்துவிட்டு வேண்டாமென்று விட்டது. இன்னொன்று, பட்டுப்போன பனையில் கிளிகள் ஒரு பருவம் குடியிருந்துவிட்டுப் போனது.

"புதுசுதான். இன்னொருத்தர் இருந்த இடத்துல நாம ஏன் இருக்கணும்?" என்றது ஆண் மைனா.

"பார்த்துட்டுப் பேசலாங்க" என்று பெண் மைனா பனைப் பொந்துக்குள் நுழைந்தது. "காத்து நல்லா வருது."

உள்ளே ஒட்டியிருந்த ஒரு பல்லி உடனே "ச்சு ச்சு" என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு, நிஜந்தான்" என்று பெண் மைனாவுக்குத் திருப்தி. "மழைக்கும் ஒழுகாது போல."

பல்லி சும்மா இருந்தது.

"ஏன், இப்ப சத்தத்தையே காணோம்?"

"இல்லாததுக்கு நான் குரல் கொடுக்கிறதில்லம்மா. சாரல் அடிச்சா இடது மூலை நனையும். கிளியம்மா முட்டையை வலது பக்கந்தான் வச்சிருந்தா. குஞ்செல்லாம் நல்லபடியா பறந்துபோச்சு."

பெண் மைனா வாகைக்குப் போய்ப் புதுப் பொந்துக்குள் தலையை நீட்டி, "இங்க ஒழுகுமா?" என்று கேட்டது. மரத்தூள் வாசனை கமகமவென்று வந்தது. பதில் சொல்லத்தான் யாருமில்லை.

சாயங்காலத்துக்குள் பனைப் பொந்தின் வலது பக்கம் வைக்கோலும் நாருமாக மெத்தை தயாராகிவிட்டது. ஆண் மைனா அதில் படுத்துப் பார்த்தது. சுகமாக இருந்தது.

"இந்த வீடுதான் நமக்குச் சரின்னு நான் முதல்லயே சொன்னேன்ல?" என்றது.

பெண் மைனா பல்லியைப் பார்த்தது.

பல்லி வாயே திறக்கவில்லை.