நிலாவை விடச் சொல்லுங்க

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி இருதயம் ஒருவர்தான். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், சோழர் காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்றை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பதினோராம் வாரம் கதை முடிந்தது.

"எப்படி?" என்றார் பெருமையாக.

"இளவரசனுக்கு விஷம் வச்சது வைத்தியன்னு கடைசிவரைக்கும் மூச்சு விடலையே, எழுதினவன் கெட்டிக்காரன்லா!" என்றான் பட்டறை ராதாகிருஷ்ணன். "ஆனா ரொம்ப இழுவை, கிராணியாரே. பொணம் அங்கே கிடக்குது, படைத்தலைவன் அவன் பாட்டுக்கு நிலாவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

இருதயத்துக்குச் சுருக்கென்றது. "அதுதான்யா வர்ணனை! இலக்கியம்!"

"என்ன எழவோ, நிலா வந்தாலே நான் தூங்கிடுவேன்," என்றாள் வீரம்மா. "குதிரைக்கு மூணு வாரமா தண்ணி காட்டுறான்! கதை எழுதின ஆளுக்கு ஒரு காயிதம் போடுங்கய்யா. கொலையை வச்சிக்கிட்டு, நிலாவையும் குதிரையையும் விடச் சொல்லுங்க."

"இப்பவே எழுதுங்க!" என்றார்கள் எல்லோரும்.

அவர்கள் சொல்லச் சொல்ல, 'உனக்கு வேற வேலையே இல்லையா?' என்ற வரி உட்பட, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார் இருதயம்.

"மறக்காம தபால்ல சேர்த்திடுங்க."

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். மொத்தமே அறுபது பக்கம். அதில் ஒரு நிலாவும் கிடையாது, ஒரு குதிரையும் கிடையாது. அத்தனையும் வாசிக்கும்போது அவர் சேர்த்த கைச்சரக்கு.

கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சேர வேண்டியவர் கையிலேயே இருக்கும் கடிதத்துக்குத் தபால்தலை எதற்கு?