நாற்பது லட்சம் புகார்கள்

“மறுபடியும் படுத்துடுச்சாம்மா?”

மேனேஜர் கேட்டதும் புரோகிராமர் தலையில் கைவைத்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் இருந்த பழைய சர்வர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கிப்போயிருந்தது.

“படுக்காம என்ன சார் செய்யும்? நாற்பது லட்சம் புகாரையும் ஒரே நேரத்துல மெமரியில ஏத்தச் சொல்றீங்க. அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?”

“மொத்தமா சேர்த்துட்டு எழுதினாத்தானே எதுவும் விட்டுப்போகாது? சாயங்காலத்துக்குள்ள எக்ஸ்எம்எல் ஃபைல் தலைமை ஆபீஸுக்குப் போகலேன்னா நம்ம ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிடும். போன மாசம் இதுல பாதிகூட இல்ல. ஜனங்க ஏன்தான் இப்படி நம்ம மேல பாயறாங்களோ!”

“அப்படி என்ன சார் எழுதியிருக்காங்க?”

“உனக்கெதுக்கும்மா அந்த வம்பெல்லாம்? படிக்கிறது தலைமை ஆபீஸ் வேலை. நம்ம வேலை அனுப்புறது.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே தன் ஜாவா புரோகிராமைப் பிரித்து மேய்ந்தாள். இனி சர்வர் ஒரு புகாரை எடுக்க வேண்டும், ஃபைலில் எழுத வேண்டும், அதை அடியோடு மறந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

“எழுதினதை மறந்துடுமா?” மேனேஜர் பதறினார்.

“சுத்தமா மறந்துடும் சார்.”

“அட, நம்ம டிபார்ட்மென்ட்டும் இத்தனை வருஷமா அப்படித்தானே ஓடுது!” அன்று முதன்முறையாக அவர் சிரித்தார்.

சர்வர் முனகாமல் ஓடியது. இருவரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஃபைல் ரெடி. தலைமை ஆபீஸுக்கு அது போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் குழந்தை மாதிரி கைதட்டினார். வேலை தப்பித்த நிம்மதியில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“அதான் அனுப்பியாச்சே சார், ஒண்ணே ஒண்ணு பார்த்துக்கறேன்” என்று ஃபைலைத் திறந்தாள். முதல் புகாரைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். நடுவில் பார்த்தாள், கடைசியில் பார்த்தாள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘எங்கள் மேனேஜர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுமக்கச் சொல்கிறார். மெமரி போதவில்லை. காப்பாற்றுங்கள்.’

நாற்பது லட்சம் புகாரும் இதேதான். அத்தனையையும் கொடுத்திருந்தது மேஜைக்கு அடியில் இருந்த சர்வர்.