பட்டியலில் கொக்கு

புது ரவுட்டர் மாட்ட வந்த டெக்னீஷியனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கிழவர் அவனுடைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தானே அடித்தார். பெற்ற மகளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மகள் வந்திருந்தது வேறு வேலையாக. ஒன்பது வருடங்களுக்கு முன் காணாமல் போன தம்பி உயிரோடு இல்லை என்று எழுதிய தாளில் அப்பா கையெழுத்துப் போட்டால்தான் வீட்டை விற்க முடியும்.

டெக்னீஷியன் திரும்பி, திரையில் வைஃபையில் சேர்ந்தவற்றின் பட்டியலைப் பார்த்தான். "ஐயா, அதுக்குள்ள ஒரு போன் சேர்ந்திருக்கு. கொக்குன்னு பேர் காட்டுது. உங்களுதா?"

"என்கிட்ட ஏது போனு? இது டிவிக்குத்தான்."

கொக்கு என்பது வீட்டில் மகனைக் கூப்பிட்ட பெயர். தன் போனுக்கும் அவன் அதையே வைத்திருந்தான். காணாமல் போன அன்று அந்த போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"யாராவது பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும். மாத்துங்கப்பா" என்றாள் மகள்.

கிழவர் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றினார். மூன்று முறையும் கொக்கு போய்விட்டுத் திரும்பி வந்தது.

"சிக்னல் முழுசா இருக்கு. அடுத்த ரூம்லதான் இருக்கணும்" என்றான் டெக்னீஷியன்.

அது மகனுடைய அறை. காலையில்தான் மகள் அதைக் காலி செய்து, பெருக்கி, சாத்தியிருந்தாள்.

"என்னவோ இருந்துட்டுப் போகுது. நீங்க கையெழுத்தப் போடுங்க" என்று பேனாவை நீட்டினாள்.

கிழவர் தாளை அவள் கையிலேயே திணித்தார்.

"ஆளு உள்ளதான் இருக்கான். நீயே போய்க் கேளு. செத்துட்டேன்னு அவன் வாயால சொல்லட்டும், போடறேன்."

மகள் தாளோடு அந்தக் கதவு வரைக்கும் போனாள். தட்டவில்லை.