மயில்கழுத்து நிறச் சேலை

கோதண்டம் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

டிவி பக்கத்தில், பழைய கரண்ட் பில்களோடு ஒன்றாக அது கிடந்தது. கஸ்தூரிக்குக் கை குறுகுறுத்தது.

ஆறு மாதத்துக்கு மேலாக அந்த நோட்டுக்கு அவள்தான் பணிவிடை. ராத்திரியே பென்சில் சீவி வைத்துவிடுவாள். விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கோதண்டம் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போவார். அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரு படம் வரைந்துவிட்டு வருவார். அப்புறம் வேலைக்குப் போகும்போதும் அது அவர் பையிலேயே போகும். மழை, காய்ச்சல் என்று ஒரு நாள் தப்பியதில்லை.

மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளோடு வாயால் சொன்ன மருந்து அது. பல் தேய்ப்பதுபோல் தினமும் வரைய வேண்டும், ஒரே விஷயத்தை வரைய வேண்டும், நன்றாக வந்ததா என்று பார்க்கவே கூடாது.

மின்சார ரயில் ஓட்டுகிறவர் கோதண்டம். வண்டிக்குக் குறுக்கே யாரோ ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள் என்பதைக்கூட, பத்து நாள் கழித்து, கூட வேலை செய்யும் தசரதன் சொல்லித்தான் கஸ்தூரி தெரிந்துகொண்டாள். என்றைக்கு, எங்கே, எப்படி, எதையும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. டீ டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் இருக்கும்.

படம் வரைய ஆரம்பித்த நாலாவது மாதம் மனுஷன் விடிய விடியத் தூங்கினார். ஆனாலும் நேற்றுவரை அண்ணனூர் ரயில் ஷெட்டில்தான் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். இன்றைக்குத்தான் மறுபடியும் வண்டி ஓட்டப் போயிருக்கிறார்.

"ரெண்டு மணி வாக்குல டூட்டி முடிஞ்சிரும். எறங்கனதும் போன் பண்றேன்," என்று சொல்லிக் கிளம்பியவர், வாசலில் நின்று அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "இந்தச் சேலை உனுக்கு நல்லா கீது."

வெள்ளிக்கிழமை தவறாமல் கட்டுகிற சேலை. மயில்கழுத்து நிறம், மஞ்சள் பார்டர். ஆவடி மார்க்கெட்டில் ஆடித் தள்ளுபடிக் குவியலில் எடுத்தது. அதில் கையை விட்டுத் தேடியவர்கள் எல்லாரும் அதையேதான் எடுத்தார்கள், பக்கத்து வீட்டு ராஜம்மா உட்பட. இத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சாப்பிடாமலே வெளியே போய்விடுவார்.

நோட்டைத் திறக்காதே என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். காலையில் கேட்ட நல்ல சொல்லின் தைரியத்தில் திறந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. அவளேதான். அவள் அடுப்படி, அவள் குக்கர், அவள் மூக்குத்தி, நெற்றியில் சின்ன வயதுத் தழும்பு. பென்சில் படத்தில் சேலைக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தார்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏரியை வரைகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

முந்தைய பக்கத்துக்குப் புரட்டினாள். அதே சேலை, அதே வீட்டின் வாசல். ஆனால் முகம் இல்லை. கண், மூக்கு, எதுவும் இல்லை.

அதற்கும் முன்னால் தெருமுனை. ஸ்டேஷன் படிக்கட்டு. பிளாட்பாரம். பக்கத்துக்கு ஓர் அடி, அரை அடி. அவள் புரட்டப் புரட்ட அந்தச் சேலைக்காரி தண்டவாளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஜல்லி.

தண்டவாளம்.

முதல் பக்கத்தில், ரயிலின் முன்கண்ணாடிக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

நோட்டு நழுவி விழுந்தது. இந்த மனுஷன் என்னை வண்டிக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறாரா? இதற்கா பென்சில் சீவிக் கொடுத்தேன்?

குனிந்து எடுத்தபோதுதான் மூலையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. மார்ச் 5. மதியம் 2.10.

அந்த நாள் அவளுக்கு மறக்காது. மறுநாள் கல்யாண நாள். மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது டூட்டியிலிருந்து போன் செய்தார். "கஸ்தூரி, எதுனா பேசு. சும்மா பேசிகினே இரு." முருங்கைக்காய் விலையிலிருந்து மாவு புளித்தது வரை அவள் பேசினாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப் போய் ராஜம்மாவிடம் சொன்னாள். தெருவே சிரித்தது.

அன்று சாயங்காலம் தலைவாரிப் பூ வைத்து, இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பார்த்ததும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் அசதி என்று மோர் கரைத்துக் கொடுத்தாள்.

கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிக்குக் குறுக்கே வந்த அந்தப் பெண்ணும் இதே சேலையை அதே குவியலில் எடுத்திருக்கிறாள்.

அவளைத் தண்டவாளத்திலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்க்க மனுஷனுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கங்கள் ஆகியிருக்கின்றன. அதற்குள் எத்தனை வெள்ளிக்கிழமைகள் இதைக் கட்டிக்கொண்டு அவருக்குக் குறுக்கே போய் நின்றிருக்கிறாள்!

போன் அடித்தது. கோதண்டம்தான். மணி இரண்டு பத்து.

எடுத்தாள். அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"ஊட்லதாங்க கீறேன்."