உடைந்த ஊசிப் பதிவேடு

எங்கள் பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒட்டுவது என் வேலை. சுகந்தியின் ஊசி உடைந்த அன்று கடைசித் துண்டு அவள் விரலுக்குள் இருந்தது. நான்தான் பிடுங்கி ஒட்டினேன். டேப்புக்குள் அவள் ரத்தம் காய்ந்திருக்கிறது. மறு வருடம் எனக்கு மனைவியானாள். மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனாள்.

பதிவேட்டின் பழைய பக்கங்களை, உடைந்த ஊசி போடும் டப்பாவில் போட்டு அழிக்கச் சொன்னார் மேனேஜர் குழந்தைவேல்.

"இந்தப் பக்கம் மட்டும் போகாதுங்க."

"குப்பைக்கு எதுக்கு தம்பி மல்லுக்கட்டற? ஒரு ஊசித் துண்டு துணியில மாட்டி வெளிய போனாலும் ஆர்டர் கேன்சலாயிரும்."

"குப்பை இல்லீங்க."

கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில், இரும்பைக் கண்டால் அலறும் கருவி நிற்கிறது. அலறட்டும்.