தப்பிந்தி

ஆந்திராவில் இருக்கிற புத்தூர் லைப்ரரிக்கு இன்டர்நெட்டோடு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. இன்டர், அதாவது நம்ம ப்ளஸ் டூ, ரிசல்ட் அன்றைக்கு அதைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஏதோ அபிஷேகம் நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள்.

லைப்ரேரியன் நாகையா ஹால் டிக்கெட் நம்பரைத் தட்டுவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "சர்வர் பிஸி" என்பார். எல்லோரும் மூச்சை விடுவார்கள்.

துலுக்காணத்தின் முறை வந்தது. பக்கத்தில் அவன் அக்கா மணியம்மா. பின்னால் மகள் கல்பனா. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்க்கவே பயந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

துலுக்காணம் தமிழ்நாட்டு ஆள். சுங்குவார்சத்திரம் பக்கம் பிறந்து, இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். அக்கா இன்னும் அங்கேதான். அவள் பிள்ளைக்கு அங்கேயே கார் கம்பெனியில் வேலை, வாசலுக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அப்படிப்பட்ட மாப்பிள்ளையை எத்தனை நாளைக்குக் காக்க வைப்பது?

"இதோ பாருடா, பொண்ணு பாஸாச்சுன்னா திருப்பதிக்கோ எங்கியோ அனுப்பிப் படிக்க வை. நான் குறுக்க வரமாட்டேன். ஃபெயிலாச்சுன்னா வைகாசியில கண்ணாலம். உன் வாயால சொன்ன வார்த்த, மறந்துடாத" என்று மணியம்மா வரிசையிலும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மறக்கலக்கா."

ரிசல்ட் வந்தது. நாகையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பிசிக்ஸ்லோ தப்பிந்தி" என்றார் மெதுவாக.

தெலுங்கில் பரீட்சை 'தப்பிந்தி' என்றால் ஃபெயில். புத்தூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இன்னாடா சொல்றாரு?" என்றாள் மணியம்மா. அவளுக்கு ஒரு எழுத்துத் தெலுங்கு தெரியாது.

"தப்பிச்சிக்கிச்சாம்க்கா!" துலுக்காணம் போட்ட கூச்சலில் லைப்ரரியே திரும்பிப் பார்த்தது. "பிசிக்ஸ்தான் கஷ்டம்னு சொல்லிக்கினு இருந்துச்சு. அதுலயே தப்பிச்சிக்கிச்சாம்!"

நாகையா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். துலுக்காணம் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லெட்டை எடுத்து அந்த வாயில் போட்டான். வரிசையில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான். வாங்கினவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"ஏண்டா, செவப்புல என்னமோ எழுதியிருக்குதே?"

"நல்ல சேதியக்கா. மங்களமா செவப்புலதான் போடுவாங்க."

கல்பனா விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அய்ய, சந்தோசத்துல அழுவுது பாரு!" என்று மணியம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "போவுது உடு, படிக்கட்டும். எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்? வேற பொண்ணா கிடைக்காது?"

"வாக்கா, பஸ்ஸு போயிடப் போவுது" என்று துலுக்காணம் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாகபூஷணத்துக்குப் பொறுக்கவில்லை. ரிடையர்டு தெலுங்கு வாத்தியார். யாராவது ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கான். 'தப்பிந்தி'ன்னா என்னன்னு தெரியல. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் மட்டும் இங்க!" என்று நாகையாவிடம் தெலுங்கில் பொரிந்து தள்ளினார். பிறகு கல்பனா பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

"எப்படி சார் சொல்றது? நைனா எல்லாருக்கும் சாக்லெட் குடுத்துட்டாரே" என்று அவள் மறுபடி அழுதாள்.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு துலுக்காணம் திரும்பி வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் நாகபூஷணம் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிப் பாடம் நடத்தினார்.

"ஏமய்யா, நல்லா கேட்டுக்கோ. தமிழ்ல 'தப்பிச்சது' வேற, தெலுங்குல 'தப்பிந்தி' வேற. உன் பொண்ணு ஃபெயிலு! பாஷ தெரியாம ஊரெல்லாம் சாக்லெட் குடுத்துட்ட. உங்க அக்காவையும் ஏமாத்தி அனுப்பிட்ட. ஒரு ஊர்ல பொழைக்கணும்னா அந்த ஊர் பாஷயக் கத்துக்கணும்பா."

துலுக்காணம் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். அவர் முடிக்கிறவரை காத்திருந்து, மிச்சமிருந்த சாக்லெட்டை மகள் கையில் வைத்து அழுத்திவிட்டு, சுத்தமான தெலுங்கில் சொன்னான்:

"தெலுசு சார். மா அக்ககே தெலீது. சப்ளிமெண்டரி பரீட்ச எப்புடண்டி?" (தெரியும் சார். எங்க அக்காவுக்குத்தான் தெரியாது. சப்ளிமெண்டரி பரீட்சை எப்போங்க?)